நடுக்குவாதமும் விமான உத்தியோகமும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

இவ்வூரில் ரயிலேறித் தாம்பரம் விமானப்படைத் தளத்திற்கும், திரிசூலத்தில் இறங்கி மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் உத்தியோக நிமித்தம் செல்வோர் நம்மவரிலும் உளர். அவர்கள் குடும்பத்தாரின் பொருட்டே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

நடுக்குவாதத்தை 1817-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தெழுதினார். மூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக மடிவதால் இது விளைகின்றது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மோப்பம் குன்றலாம், மலச்சிக்கல் தோன்றலாம். பின்னர் நடக்கையில் ஒரு கை வீசாது நிற்கும். எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். விமானத்தைப் பழுது பார்த்துக் கையொப்பமிடும் இஞ்சினீயருக்கு இக்குறி அவருடைய ஏட்டிலேயே தென்படக்கூடும். ஆனால் பழைய கையொப்பத்தையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார்?

சர்வதேச விதிப்படி, பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிகளுக்கு ஆண்டுதோறும், அறுபது கடந்தபின் ஆறு மாதத்திற்கொரு முறையும் தேக பரிசோதனை உண்டு. தரையிலிருந்து வழி சொல்லும் அதிகாரிகளுக்கும் உண்டு. பழுது பார்ப்போரின் லைசென்ஸுக்கோ அவ்விதிகள் வைத்தியச் சான்று கோருவதில்லை. ஆகையால் அங்கே வீட்டாரின் கண்ணே முதற்காவல்.

மருந்திலும் ஒரு சங்கதி உண்டு. இவ்வியாதிக்குரிய சில மாத்திரைகள் திடீர் உறக்கத்தை உண்டாக்குபவை. தாம் செய்யும் வேலை இன்னதென்று வைத்தியரிடம் சொல்லியே தீரவேண்டும். நாட்டு மருந்துதானே என்று பூனைக்காலி விதையைத் தாமே உண்போர் அதையும் மறைக்கலாகாது. ஆங்கில மருந்தாகிய லெவோடோபா அவ்விதையிலேயே இருக்கின்றது.

வியாதியை ஒளிப்பது பெரும்பாலும் சம்பள பயத்தினாலேயாம். அதை நான் இழித்துரைக்க மாட்டேன். பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாகியிருக்கும் வேளையில் எந்தத் தகப்பன் வாய் திறப்பான்? எனினும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வியாதியைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை விலக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாதென்றும், பழைய வேலைக்கு ஆகாதவரை அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்றவேண்டுமென்றும் அதன் 20-ஆம் பிரிவு விதிக்கின்றது. போர்ப்படை வீரர் பதவிகளுக்கு இதில் விலக்குண்டு. தளத்திலுள்ள சிவில் ஊழியர் நிலை வேறு.

தனியார் கம்பெனி ஊழியருக்கு இக்காப்பு இல்லை. அவருக்கு நேருவது மெய்யான நஷ்டமே. ஆறுதல் வார்த்தையால் அது தீராது. அத்தகையோர் வேலை ஒப்பந்தத்தையும் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தையும் நமது சங்கத்து வக்கீல்களிடம் கொண்டுவந்து காட்டலாம். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்பாகவே கொண்டுவர வேண்டுகிறேன்.