பள்ளிப் பருவத்துத் தந்தையர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியும் இளைஞர் நலனும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அதில் எவரும் பேச விரும்பாத ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு வேண்டுகிறோம். படிக்கும் வயதிலேயே தந்தையாகிவிடும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள்க.

நாம் தலைமையாசிரியராகப் பணியாற்றும் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் பயின்றான். பெயரும் ஊரும் கூறமாட்டோம். கூறச் சட்டமும் இடந்தராது. வயது 17, கணக்கில் கெட்டிக்காரன். அவன் வாழ்ந்த காலனியிலேயே அவனொத்த வயதுடைய பெண் ஒருத்தி கருவுற்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்தி வெளிப்பட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவித்தனர். அதில் குறை காண்பதற்கில்லை. பையனைக் கூர்நோக்கு இல்லத்திற்குக் கொண்டு சென்றனர். மறுவாரம் அவனுடைய தகப்பனார் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். நாம் ஒரு வார்த்தையும் கேளாமல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம். பள்ளியின் பெயர் தப்பியது என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அப்பெண்ணின் வீட்டிற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பணியாளர் வந்தார், ஆற்றுப்படுத்துநர் வந்தார். வரவேண்டியதுதான். சுமையின் பெரும்பங்கு பெண்ணுடையது. உயிருக்கு ஆபத்தும் அவளுக்கே. 19 வயது நிரம்பாத தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் கிடைப்பதில்லை. ஆனால், பையனைத் தேடி எவர் வந்தார்? பிணையில் வீடு திரும்பிய அவன் சென்ட்ரிங் பலகை சுமக்கப் போனான்.

ஒருவர் வந்தார். இளைஞர் நீதிக் குழுமத்திற்காகச் சமூகப் பின்னணி அறிக்கை எழுதும் நன்னடத்தை அலுவலர் அவர். படிப்பு, குடும்ப வருமானம், நண்பர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதியபின், தாளை மடித்துவைத்துவிட்டு, "குழந்தையைப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டாராம். அதுவரை எவரும் கேளாத கேள்வி. பையன் அழுதுவிட்டான் என்று அவன் தாயார் பிற்பாடு நம்மிடம் கூறினார்.

சமூகப் பணியாளர் பலரோடு பழகியிருக்கிறோம். இத்தகைய பையனை அவர்களிற் சிலர் குற்றவாளியாக மட்டுமே காண்கின்றனர். சிலர் எப்படியும் ஓடிவிடுவான் என்று முன்கூட்டியே கணக்கிலிருந்து கழித்துவிடுகின்றனர். அவர்களை மட்டும் குறைகூற நமக்கு வாயில்லை. நாமும் அவனைப் பதிவேட்டிலிருந்து கழித்தவர்தாமே! பெண் வேற்றுச் சாதியினளாக இருந்துவிட்டாலோ, சமூகப் பணியாளர் வருமுன் அரிவாள் வந்துவிடுகிறது. அது தனியே பேசவேண்டிய பெருங்கதை.

நீதிமன்றமும் காவல்துறையும் இவ்விடயத்தில் சற்று நிதானித்துள்ளன. இளையோர் தாமே விரும்பிக் கொண்ட உறவுகளைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கமன்று என 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. அத்தகைய வழக்குகளில் விரைந்து கைது செய்ய வேண்டா என 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் சுற்றறிக்கை விடுத்தார். எனினும் சட்டம் மாறிவிடவில்லை. 18 வயது என்னும் எல்லை அப்படியே நிற்கிறது. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்க.

நம் பெரியவர்கள் அறிந்த தீர்வு ஒன்று உண்டு: தாலி கட்டிவைத்து விடுவது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பாத ஆணும் குழந்தையே. நடத்திவைப்போருக்கு ஈராண்டு வரை கடுங்காவல் உண்டு. மணம் நடந்தாலும் நடவாவிட்டாலும், பிறந்த பிள்ளையைப் பேணும் கடமை தந்தைக்கு உண்டென்று சட்டம் சொல்கிறது. படிப்பையும் தொழிலையும் பறித்துக்கொண்டு, "பேணு" என்றால் எதைக் கொண்டு பேணுவான்?

அண்ணல் அம்பேத்கருக்கு மணமான ஆண்டு 1906. அப்போது அவர் பள்ளி மாணவர், வயது ஏறத்தாழ 15. அடுத்த ஆண்டே மெட்ரிகுலேஷன் தேறினார். காந்தியடிகள் 16 வயதில் தந்தையானார். அக்குழந்தை சில நாள்களில் இறந்தது. 1887இல் அவரும் மெட்ரிகுலேஷன் தேறினார். இவற்றை இளவயது மணத்திற்குச் சான்றாகக் காட்டவில்லை; ரமாபாய் அம்மையாருக்கு அன்று வயது ஏறத்தாழ ஒன்பதே. அக்கொடுமை ஒழிந்தது நன்று. ஆயின், அந்த இரு பையன்களையும் 'இனி இவனுக்குப் பள்ளி எதற்கு' என்று அவர்தம் வீட்டார் நிறுத்தியிருந்தால்? இராம்ஜி சக்பால் கடன் வாங்கிப் படிக்கவைத்தார். கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் பரோடா மன்னரிடம் உதவித்தொகைக்கு வழிசெய்தார்.

கேளுஸ்கர் செய்தது ஒன்று, நாம் செய்தது ஒன்று. அதன்பின் ஓராண்டு கழித்தே அப்பையனின் வீட்டுப் படியேறினோம். பெண்வீட்டார் இசைவோடு அவன் வாரந்தோறும் குழந்தையைப் பார்த்துவந்தான்; கூலியில் ஒரு பகுதியைப் பால்மாவுக்குக் கொடுத்துவந்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைவசமிருந்ததால் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் சேர்த்துவிட்டோம். பெண் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

இருவரும் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தனர். இரண்டு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. 'நன்னடத்தையுள்ள, மணமாகாத, குழந்தையற்ற மாணவர்' என்று நம் விதியில் இருக்கிறதாம். அவ்விதியை எழுதிய குழுவில் நாமும் இருந்தோம், கையொப்பமும் நம்முடையது. நாளைக் காலை பொதுக்குழு கூடுகிறது. அவ்வரியை நீக்கவேண்டுமென்னும் தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். செயலாளர் அவர்களிடம் தாளைக் கொடுத்துவிட்டு அமர்கிறோம்.