வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் உபயகுசலோபரியும்

(நாகபுரிக் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"செல்போனைப் பற்றி ஏதாவது பேசுங்கள், எல்லோருக்கும் பிரயோஜனமாக இருக்கட்டும்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் 36 வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் காபி குடிக்கும்போது விசாரித்ததில் நம்மில் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. ஆகையால் இன்று ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது.

தினமும் பார்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, ஏறக்குறைய எல்லோரும். தினமும் போடுபவர்கள்? பாதிப் பேர். நீங்கள் போட்டதை யார் யார் பார்க்க முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள்? மூன்று கைகள்தான். அதில் ஒன்று காரியதரிசியின் பேத்தியுடையது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாட்ஸ்அப் பிறந்ததே ஸ்டேட்டஸுக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் கூம் என்பவர் 2009 பிப்ரவரியில் இந்தக் கம்பெனியைப் பதிவு செய்தார். அப்போது அவர் நினைத்தது செய்தி அனுப்பும் சாதனத்தை அல்ல. போனில் நாம் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று ஒரு வரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'வேலையில் இருக்கிறேன்', 'தூங்குகிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது', 'அவசரமானால் மட்டும் கூப்பிடவும்' என்பது போன்ற வரிகள். ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன் அவர் சௌகரியம் தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு. ஜனங்கள் அந்த வரியை மாற்றி மாற்றி எழுதியே ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் செய்தி அனுப்பும் வசதியையே சேர்த்தார்கள்.

2017 பிப்ரவரியில் அந்த வரியை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் படமும் வீடியோவும் போடுகிற இன்றைய ஸ்டேட்டஸைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பழைய வரி எங்கே என்று உலகம் முழுக்கக் கூச்சல். அடுத்த மாதமே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் பெயருக்குக் கீழே 'ஹே தேர், ஐ ஆம் யூசிங் வாட்ஸ்அப்' என்று ஒரு வாசகம் இருக்குமே, அதுதான் அது. நம்மில் பாதிப் பேர் பத்து வருஷமாக அந்த வாசகத்தோடுதான் இருக்கிறோம், யார் எழுதினது என்றே தெரியாமல். 2025 நவம்பரில் அந்த ஒரு வரியையும் ஒரு நாளில் தானே மறைகிற மாதிரி அமைத்து, மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். சுற்றிச் சுற்றி 2009க்கே வந்து நிற்கிறது.

சரித்திரம் போதும். இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன்.

ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியும்? உங்கள் போனில் அவருடைய நம்பர் பெயரோடு பதிந்திருக்க வேண்டும். அவர் போனிலும் உங்கள் நம்பர் பதிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருந்தால்தான் தெரியும். இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நாம் யாரையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறோம் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தேன். பால்காரர், காஸ் கொண்டுவருகிறவர், ஆட்டோக்காரர், எப்போதோ ஒரு தடவை கீஸர் ரிப்பேருக்கு வந்த பையன், அவனுக்குப் பிறகு அதே கீஸருக்கு வந்த இன்னொருவர். இவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தாம். ஆனால் "காசி யாத்திரை கிளம்பிவிட்டோம், 15 நாள் பிரயாணம்" என்று ரயிலில் உட்கார்ந்து படம் போட்டால், வீடு பூட்டியிருக்கிறது என்ற சமாசாரம் இத்தனை பேருக்கும் போகிறது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு மாமியிடம் மட்டும் சாவியைக் கொடுத்து, காதோடு சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.

பரிகாரம் இருக்கிறது. ஸ்டேட்டஸ் பிரைவஸி என்ற இடத்துக்குப் போனால் மூன்று வழி காட்டும். பதிந்திருக்கும் எல்லோருக்கும், இன்னார் இன்னாரைத் தவிர மற்றவர்களுக்கு, நான் பொறுக்கியெடுத்தவர்களுக்கு மட்டும். மூன்றாவதுதான் நமக்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று: போட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே போட்டதை அது கட்டுப்படுத்தாது. யாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம், படத்தைத் தள்ளிப்போடுங்கள். திரும்பி வந்தபின் போட்டால் கங்கை வற்றிவிடாது.

யார் பார்த்தார்கள் என்று கண் படத்தைத் தட்டினால் பட்டியல் வரும். இந்தப் பட்டியலைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. பேசினால் இந்த அறையிலேயே இரண்டு குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வரும். "சம்பந்தி பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ரெண்டு செகண்டில் விரல் தள்ளிக்கொண்டு போனதற்கும் பட்டியலில் பெயர் வரும். அதைப் பார்த்தல் என்று சொல்வதே தப்பு.

இதைவிடப் பெரிய விஷயம் துக்கச் செய்தி.

சென்னையில் எங்கள் பங்காளி ஒருவர் காலமானார். எண்பது தாண்டியவர், நிறைந்த வாழ்க்கை. அவருடைய மகன் நல்ல பிள்ளை. அந்த நேரத்துக் கலக்கத்தில் அப்பாவின் படத்தையும், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும் தன் ஸ்டேட்டஸில் போட்டான். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். உடனே அவனுடைய ஆபீஸ் சிநேகிதர்கள் நூறு பேர் வந்துவிட்டார்கள். உறவில் வந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். காரணத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தோம். எங்கள் எல்லோர் போனிலும் இருந்தது அப்பாவின் நம்பர். மகன் நம்பர் எங்களிடம் இல்லை. எங்கள் நம்பர் அவனிடம் இல்லை. அறுபது வருஷ உறவு அத்தனையும், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை மேல் அணைந்து கிடந்த அப்பாவின் போனுக்குள் இருந்தது.

எனக்கு ஏழாம் நாள்தான் தெரிந்தது, அதுவும் வேறு எதற்கோ போன் செய்த ஒருவர் சொல்லி. பத்து நாளுக்குள் காதில் விழுந்தால் மிச்ச நாள் தீட்டு என்பது நம் வழக்கம். அதற்குள் நான் ஒரு சீமந்தத்துக்குப் போய் ஆசீர்வாதம் செய்து, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். இதில் நம்பிக்கை இல்லாதவர்களும் இங்கே இருப்பீர்கள். அது வேறு பேச்சு. நான் சொல்வது, பத்து நாள் கணக்கு உள்ள ஒரு விஷயத்தை 24 மணி நேரத்தில் அழிகிற இடத்தில் எழுதக் கூடாது என்பது. தந்தி இருந்தவரை வாசலில் ஒருவன் வந்து நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். அது 2013 ஜூலையில் நின்றுபோனது. அதன் இடத்தில் இப்போது இருப்பது போன்தான், ஸ்டேட்டஸ் அல்ல. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடமோ பெண்ணிடமோ, கட்டாயம் சொல்ல வேண்டிய இருபது பேரின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அபசகுனமாக நினைக்காதீர்கள். உயிலே எழுதி வைக்கிறோமே.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் காரியதரிசியிடம் சரி என்றேன்.

அக்காவுக்கு 76 வயது. பாலக்காட்டில் கல்பாத்தியில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். யாரும் அதட்ட முடியாது. பிள்ளை பெங்களூரில். தங்கை மும்பையில். நான் இங்கே. முன்பெல்லாம் நாங்கள் இன்லண்ட் லெட்டர் எழுதுவோம். 'க்ஷேமம், உபயகுசலோபரி' என்று ஆரம்பம். பிறகு எஸ்டிடி வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்று தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்து பேசுவோம். பிறகு செல்போன் வந்து, கட்டணமே இல்லாமல் போனதும், பேசுவது குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை என்று இருந்தது, அதுவும் தவறும். அதற்குப் பதிலாக அக்காவின் ஸ்டேட்டஸ் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில் கோலம் போட்டு, படம் எடுத்துப் போட்டுவிடுவாள். கீழே ஒரு வரி இருக்கும். 'இன்று ஏகாதசி' அல்லது 'மழை இல்லை'. எங்கள் மூவருக்கும் அது பழக்கமாகிவிட்டது. கோலம் வந்தால் அக்கா சௌக்கியம். எதற்குப் போன்?

2025 ஆடியில் ஒரு நாள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேட்டஸ் பார்த்தேன். கோலம் இருந்தது. பெரிய பத்மம், நன்றாக விழுந்திருந்தது. ஒரு இதயப் படத்தைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பெங்களூர்ப் பிள்ளை பத்து மணிக்குப் பார்த்திருக்கிறான். தங்கையும் பார்த்திருக்கிறாள். மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

அந்தக் கோலம் காலை ஆறு பத்துக்குப் போட்டது. பதினொரு மணிக்கு அக்கா கொல்லைப்பக்கக் குளியலறையில் விழுந்துவிட்டாள். போன் சமையலறையில் இருந்தது. அக்கிரகாரத்து வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ரயில் பெட்டி போல நீளம். கொல்லையில் கூப்பிட்டால் வாசலுக்குக் கேட்காது. வேலைக்காரம்மா காலையில் மட்டும் வருகிறவள், வந்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் ஏழு மணிக்கு அவள் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொல்லைக் கதவை உடைத்தார்கள். இருபது மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் ஆயிற்று.

நான் இதயப் படம் தட்டியபோது அவள் பத்து மணி நேரமாகக் கீழே கிடந்தாள். படத்துக்கு மேலேயே, பெயருக்குக் கீழே, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதியிருக்கும். 36 வருஷம் தேதியும் கையெழுத்தும் பார்க்காமல் ஒரு செக்கை நான் பாஸ் செய்ததில்லை. இதில் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா எங்களைக் கோபிக்கவில்லை. "கோலத்தைப் பார்த்தேளா? அன்னிக்குத்தான் நன்னா வந்தது" என்றாள். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஸ்டேட்டஸில் இருப்பது 'க்ஷேமம்' மட்டும். அதுவும் காலை ஆறு மணி க்ஷேமம். 'உபயகுசலோபரி' என்றால் இரண்டு பக்கத்து குசலமும். நீ எப்படி இருக்கிறாய் என்று எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்க வேண்டும். இவர் பதில் சொல்ல வேண்டும். கேள்வி இல்லாத பதிலைத்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டேட்டஸே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கல்பாத்தித் தேர், பேத்தியின் அரங்கேற்றம், ஜவ்வரிசி வற்றல் காய்வது, எல்லாம் தாராளமாகப் போடுங்கள், நானும் பார்க்கிறேன். அது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஆனால் திண்ணையில் ஆள் இருக்கிறார் என்பதற்காக உள்ளே போய் விசாரிக்காமல் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் செய்திருக்கும் ஏற்பாட்டையும் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படலாம். ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் போன் செய்வது. திங்கள், செவ்வாய் நான். புதன், வியாழன் தங்கை. மற்ற நாள் பிள்ளை. எடுக்கவில்லை என்றால் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் இல்லை என்றால் எதிர்வீட்டுக்காரருக்கு. அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்திருக்கிறது. அதைக் குளியலறைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது நிபந்தனை. பை அழகாக இல்லை என்று அக்காவுக்குக் குறை. ராத்திரி கூடப் படுத்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறாள். பெங்களூருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்; அதில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். குனிய முடியாது. அந்த அம்மாள் கோலம் போடுகிறாள். அக்கா திண்ணையில் உட்கார்ந்து புள்ளி கோணல் என்று குற்றம் சொல்லிவிட்டு, படம் எடுத்துப் போடுகிறாள். ஸ்டேட்டஸ் நிற்கவில்லை. போன திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன்.

"ஸ்டேட்டஸ் பார்த்தியோ?" என்றாள்.

"பார்த்தேன் அக்கா."

"பார்த்தாச்சுன்னா அப்புறம் எதுக்குடா போன்?" என்று கேட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் பேசினாள்.

டிபன் தயார் என்று காரியதரிசி சைகை காட்டுகிறார். யாருக்காவது அந்தப் பிரைவஸி இடத்தைக் காட்டித் தர வேண்டுமானால், போனையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வாருங்கள். காரியதரிசியின் பேத்தியும் அங்கேதான் இருப்பாள். எனக்குத் தெரியாததை அவள் சொல்லுவாள். நமஸ்காரம்.