இராமேசுவரத்துக் கடலோரப் பள்ளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூட வரலாறு எழுதப் புகுவோர், கட்டடம் திறந்த நாளையும் நன்கொடையாளர் பெயரையும் எழுதி முடித்துவிடுவர். எந்தப் பிள்ளை எவன் அருகில் அமர்ந்தான் என்று எழுதுவோர் அரியர். அதைப்பற்றியே யான் பேச வந்தேன்.

இராமேசுவரத்தில் கடலோரமாக ஒரு பஞ்சாயத்துத் தொடக்கப்பள்ளி இருந்தது. ஒரு பகுதி செங்கற் கட்டடம். மறு பகுதி கீற்றுக் கூரை. 1930-களில் அவ்வூருக்கு அது ஒன்றே பள்ளி. ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 400 பிள்ளைகள் பயின்றனர். கோயில் குருக்கள் மகனும் படகுக்காரர் மகனும் வேறெங்கும் செல்ல வழியில்லை. ஆகவே ஒரே வரிசையில் அமர்ந்தனர். அப்படகுக்காரர் மகன்தான், பின்னாளில் நம் திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அப்துல் கலாம்.

அவர் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவன் குருக்கள் மகன் இராமநாதனுக்கு அருகில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இராமநாதன் அழுதுவிட்டான். செய்தி கேட்ட அவன் தந்தையார் இலட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் நஞ்சு விதைக்கலாகாது என்றும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டு நீங்க வேண்டும் என்றும் கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார்.

இதைவிடக் கடினமானது மற்றொன்று. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமைத் தம் இல்லத்திற்கு உண்ண அழைத்தார். ஆசாரம் மிக்க அவர் மனைவியார் அடுக்களையில் பரிமாற மறுத்தார். ஐயர் சினக்கவில்லை, தம் கையாலேயே பரிமாறித் தாமும் அருகிருந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அவ்வம்மையாரே சிறுவனை உள்ளே அழைத்துச் சென்று உணவு படைத்தார். ஒரு வாரத்தில் நிகழ்ந்த மாற்றம்! வகுப்பறையில் ஒன்றாக அமரச் செய்வது எளிது. அடுக்களை வாயிலைத் திறப்பது அரிது என்பது இங்குள்ள தாய்மார்கள் அறியாததன்று.

அவ்வையரே ஒருநாள் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. மாலையில் அனைவரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடிப்பதையும் வால் திருப்புவதையும் நேரில் காட்டினார். தம் வாழ்வின் திசை அன்றே தீர்ந்தது என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

மாணவ வாழ்வு பள்ளியோடு முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, குளித்து வரும் ஐவருக்கு மட்டும் கணித ஆசிரியர் கட்டணமின்றிப் பாடம் சொன்னார். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நில்லாமையால், ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையும் சிறுவனுக்குக் கிடைத்தது. முதற்கூலி அதுவே.

1963 நவம்பர் 21-இல் நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது அதனை ஒருங்கிணைத்த குழுவில் கலாம் இருந்தார். மீனவர் வழிபட்ட தும்பா மாதா கோயிலே அன்று ஆய்வுக்கூடம். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். வரும் விடுமுறையில் சங்கத்துப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே வண்டியில் அங்கு அழைத்துச் செல்லுமாறு செயலாளரை வேண்டி விடைபெறுகிறேன்.