அது திமிர் இல்லை, அவனால் தாங்க முடியவில்லை

(ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, இரவு பதினோரு மணிக்கு ஒரு தாய் எனக்குப் போன் செய்தார். மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது. வயது பதினேழு. கடைத்தெருவில் நடந்து போயிருக்கிறான். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டாசு வெடிப்பது போல் சத்தம் போட்டிருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் ஒருவர் மேல் மோதிவிட்டான். அவர் கையைப் பிடித்தார், இவன் உதறித் தள்ளினான். அவர் கீழே விழுந்தார். ரோந்து வந்த போலீஸ்காரர் கேட்ட கேள்விக்கு இவன் பதில் சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. "குராங் அஜார்" என்று முடிவு கட்டி விலங்கு மாட்டிவிட்டார்கள்.

நான் போனபோது மூலையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். போதைப்பொருள் எடுத்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிட்டார்கள். அதில் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா கையில் ஒரு பழைய கைலி. "அவன் அடிக்கிற பையன் இல்ல தம்பி. சத்தம்னா தாங்க மாட்டான். அந்த லைட்ட மட்டும் அணைக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல வேளையாக ஓர் அதிகாரி அணைத்தார். அம்மா கைலியை மகன் தலைமேல் போர்த்தினார். பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது நிமிடத்தில் அவன் அடங்கினான்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற தாய் அவர். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினேழு வருடம் பார்த்துப் பார்த்துக் கற்ற அறிவு. ஆனால் மகனுக்கு என்ன இருக்கிறது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. ஏழு வயதில் "சேட்டை" என்றார்கள், பன்னிரண்டு வயதில் "மக்கு" என்றார்கள், இரண்டாம் படிவத்தோடு பள்ளி முடிந்தது. எந்த டாக்டரும் பார்க்கவில்லை. அதனால் அன்றிரவு நான் பேசியது வெறும் வாய்ப்பேச்சாகப் போயிற்று. அவன் லாக்கப்பில் தூங்கினான். மறுநாள் மதியம்தான் போலீஸ் ஜாமீனில் வெளியே வந்தான்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். அந்தத் தாயின் அறிவு நம் எல்லோருக்கும் வேண்டும். அவரிடம் இல்லாத காகிதமும் நம் எல்லோருக்கும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் நம் பிள்ளை தப்ப மாட்டான்.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஆட்டிசம் உள்ள பலருக்கும், ஏ.டி.எச்.டி. உள்ள சிலருக்கும், சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் இவையெல்லாம் நமக்குத் தெரிவது போல் தெரிவதில்லை. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் மின்விசிறி அவர்கள் காதில் இரைச்சலாக இருக்கலாம். தீபாவளிச் சட்டையின் கழுத்துப் பட்டி முள்ளாகக் குத்தலாம். முடி வெட்டும் மிஷின், கோயில் உறுமி மேளம், சாம்பிராணிப் புகை, பிளாட்டில் மேல்மாடி கரோக்கே எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் தலைக்குள் இடம் போதாமல் போகும்.

சிலருக்கு நேர்மாறு. அவர்களுக்கு உணர்வு போதாது. அதனால் சுற்றுவார்கள், குதிப்பார்கள், எதையாவது கடிப்பார்கள். நம் பாட்டிமார் சேலையில் தொட்டில் கட்டினார்கள் அல்லவா? அந்த இறுக்கமும் ஆட்டமும் சில பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகும் இதமாக இருக்கும். ஒரே பிள்ளைக்குச் சத்தம் ஆகாமலும் ஆட்டம் பிடித்தும் இருக்கலாம்.

சுமை தாங்காமல் போகும்போது பிள்ளை கத்துகிறது, அடிக்கிறது, ஓடுகிறது. வேறு சில பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கல் மாதிரி ஆகிவிடும். பெண் பிள்ளைகள் பலர் இப்படி உள்ளுக்குள் அடக்குவதால் யாருக்கும் தெரியாமலே போகிறது. "அவள் அமைதியான பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள்.

அடம் வேறு, இது வேறு. மிட்டாய்க்கு அடம் பிடிக்கும் பிள்ளை மிட்டாய் கொடுத்தால் நிறுத்தும். நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும். தாங்க முடியாமல் துடிக்கும் பிள்ளைக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் உடனே நிற்காது. அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது அதன் காதில் ஏறாது. அதனால்தான் பிரம்பு வேலை செய்வதில்லை. ரோத்தான் எடுத்தால் சுமை இன்னும் கூடும். பயத்தில் ஒரு நாள் அடங்குவான், மறுநாள் பெரிதாக வெடிப்பான்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள், ஒரு தொழிலாளிக்கு நாள் முழுவதற்கும் சராசரி 85 டெசிபெல் என்று எல்லை வைக்கின்றன. அதைத் தாண்டினால் காதுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை. நீங்கள் காது மூடி போட்டு மிஷின் பக்கத்தில் நிற்கும்போது யாரும் உங்களைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. உங்கள் பிள்ளையின் எல்லை நம்முடையதைவிடக் குறைவு, அவ்வளவுதான். அதே காது மூடியை அவன் கோயிலுக்கும் கடைக்கும் போட்டுக்கொண்டு வரட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

காசு செலவில்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். பிள்ளை துடித்த ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே, அதற்கு முன் என்ன சத்தம், எவ்வளவு தூங்கினான், சாப்பிட்டானா, எத்தனை நிமிடம் நீடித்தது, எது அடக்கியது. ஒரு மாதத்தில் காரணம் கண்ணில் படும். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டே பாதி வேலையை முடிக்கும்.

இரண்டு: துடிப்பு வருவதற்கு முன் அடையாளம் இருக்கும். காதைத் தொடுவான், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வான், நடை வேகமாகும். அப்போதே அவனை வெளியே கூட்டி வந்துவிடுங்கள். கல்யாண வீடாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்று: அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குளியல், பள்ளி, சாப்பாடு, தூக்கம். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம், பிறகு கிளம்பணும்" என்ற ஒரு வரி பல சண்டைகளைத் தடுக்கும்.

நான்கு: துடிக்கும்போது பேச்சைக் குறையுங்கள். விளக்கைக் குறையுங்கள். கூட்டத்தை விலக்குங்கள். "என் முகத்தைப் பார்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவனுக்கோ மற்றவருக்கோ ஆபத்து இருந்தால் தவிர பிடிக்காதீர்கள். இறுக்கி அணைப்பது சில பிள்ளைகளுக்கு இதம், சில பிள்ளைகளுக்கு வேதனை. உங்கள் பிள்ளை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அடங்கிய பிறகு தண்ணீர், ஓய்வு. புத்திமதி மறுநாள் சொல்லலாம்.

ஐந்து: வீட்டில் ஒரு மூலையை அவனுக்கென்று ஒதுக்குங்கள். பிளாட் வீட்டில் தனி அறை ஏது? அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டினாலும் போதும். அது தண்டனை மூலை ஆகிவிடக் கூடாது. அவனாகப் போய் உட்காரும் இடமாக இருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வளர்ப்பு சரியில்லை" என்று மாமியார் சொல்வார், அக்கம்பக்கம் சொல்லும். உங்கள் வளர்ப்பால் இது வரவில்லை. தகப்பன்மார்களே, இந்த வேலையை மனைவி தலையில் மட்டும் போடாதீர்கள். தூக்கம் இல்லாத தாயால் யாரையும் அமைதிப்படுத்த முடியாது. சாமி கும்பிடுங்கள், தாயத்து கட்டுங்கள், உங்கள் நம்பிக்கை. அதோடு கிளினிக்கிற்கும் போங்கள்.

காகிதம்

அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைக்குக் கொடுக்கும் சுகாதாரப் புத்தகம் உங்களிடம் இருக்கும். 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசம் அறிகுறிகளைக் கேட்கும் கேள்விப் பட்டியல் அதில் உண்டு. அதை "எல்லாம் ஓகே" என்று கோடு போட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் குழந்தை மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். வயது கடந்துவிட்டதே என்று விடவேண்டாம். பெரியவர்களுக்கும் பரிசோதனை உண்டு. காத்திருப்பு நீளும். அதனால்தான் இன்றே பெயரைக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் உறுதி செய்ததும் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. பதிவு செய்யுங்கள். பதிவு இலவசம். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் "மசாலா பெம்பெலாஜாரான்" என்ற பிரிவில் வரும். "கார்டு எடுத்தால் கல்யாணம் நடக்காது, வேலை கிடைக்காது" என்று சொல்லும் உறவினர்கள் உண்டு. அந்த உறவினர் இரவு பதினோரு மணிக்குப் போலீஸ் நிலையத்துக்கு வரமாட்டார்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மலேசியா 2010-இல் உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. ஏற்கும்போதே 15, 18 என்ற இரண்டு விதிகளை ஒதுக்கி வைத்தது. 18-ஆவது விதி குடியுரிமையையும் பிறப்புப் பதிவையும் பற்றியது. பத்திரம் இல்லாத நம் பிள்ளைக்கு ஆட்டிசமும் இருந்தால் அவனுக்கு இரட்டைப் பூட்டு. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றே கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பள்ளிக்கூடம்

2008-ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டம், அதாவது 685-ஆவது சட்டம், 28-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையையும் கல்வி அமைச்சு அறிவித்தது. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பள்ளிக்கு 2008-ஆம் ஆண்டின் சட்டம் எந்தத் தண்டனையும் வைக்கவில்லை. ஏழைப் பெற்றோருக்குச் சிறை, அதிகாரிக்கு அறிவுரை. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

அதுவரை நம் கையில் இருப்பது எழுத்து. தலைமையாசிரியர் "இங்கே இடமில்லை" என்று வாயால் சொன்னால், மரியாதையாக, "எழுத்தில் கொடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பல கதவுகள் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்க மறுத்தால் நீங்களே தேதி போட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்கார வைப்பது, காது மூடிக்கு அனுமதி, தாங்க முடியாதபோது வெளியே போய் வர ஒரு சிறு அட்டை என்று மூன்றே விஷயம் கேளுங்கள். பள்ளிக்குச் செலவு ஒன்றும் இல்லை.

போலீஸ்

ஐந்து வயதுப் பிள்ளை கத்தினால் பாவம் என்பார்கள். பதினேழு வயது இந்தியப் பையன் அதே மாதிரி கத்தினால் குண்டர் என்பார்கள். பிள்ளை வளர்கிறான், உலகம் அவனைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. 2017-இல் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர் காவலில் வைக்கப்பட்டது நாடு முழுவதும் பேசப்பட்டது. எல்லா இனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. நமக்குக் கூடுதலாக உண்டு.

கார்டின் நகலைப் பிள்ளையின் பையிலும் உங்கள் போனிலும் வையுங்கள். ஒரு அட்டையில் மலாயில் எழுதி கழுத்தில் அல்லது பையில் போடுங்கள்: "சாயா ஆட்டிஸ்மே. தோலோங் ஜாங்கான் பெகாங், ஜாங்கான் தெங்கிங். தெலெபோன் இபு சாயா." கீழே உங்கள் நம்பர்.

பிடித்துவிட்டால், விசாரணைக்கு முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் சொல்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறநிறுவனம், அதாவது "யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான்", இலவசமாக வரும். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குப் போனதும் கத்தாதீர்கள். உங்கள் சத்தமும் பிள்ளைக்குச் சுமை. கார்டைக் காட்டுங்கள், நோட்டைக் காட்டுங்கள், விளக்கைக் குறைக்கக் கேளுங்கள்.

நம்மிடம் நாமே கேட்பது

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. கோயில் கமிட்டிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேளம் தொடங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் இந்தக் குடும்பங்கள் அமைதியாகச் சாமி பார்த்துவிட்டுப் போக வழி செய்யலாம் அல்லவா? அடுத்த வீட்டுப் பிள்ளை கத்தும்போது ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்காமல், "அக்கா, ஏதாவது உதவி வேணுமா?" என்று ஒருமுறை கேட்கலாம் அல்லவா?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜாமீனில் வந்த பிறகு அம்மா அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். பத்தொன்பது வயதில் அவனுக்கு ஓ.கே.யு. கார்டு கிடைத்தது. "இத ஏழு வயசுல யாராவது சொல்லியிருந்தா, நான் அவன எத்தனை தடவ அடிச்சிருக்க மாட்டேன் தம்பி" என்று அழுதார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் பிள்ளைக்கு ஏழு வயதா, பதினேழு வயதா, அது முக்கியமில்லை. நாளைக் காலையில் நோட்டு வாங்குங்கள். இந்த வாரத்தில் கிளினிக்கிற்குப் போங்கள். வழியில் யாராவது தடுத்தால் எங்களிடம் வாருங்கள்.