முழங்கால் முறிவும் முதல் மணிகளும்



நம் சமூகத்தார் பலர்க்கு உடலுழைப்பே மூலதனம். மண் சுமத்தல், சாரம் ஏறுதல், நாற்று நடுதல் யாவும் முழங்காலின் வலிமையால் நிகழ்வன. அது போயின் குடும்பத்தின் உலை அவியும்; பிள்ளையின் படிப்பும் நிற்கும். ஆதலின் சாலை விபத்தில் நேரும் முழங்காற் காயம் பற்றி அறிதல் நம் கடமையாகும்.

ஒரே விபத்தில் தலை, மார்பு, வயிறு, கால் எனப் பல உறுப்புகள் அடிபடுவதுண்டு. அப்போது காலை முதலில் கவனிக்கவில்லையே எனச் சிலர் சினங்கொள்கின்றனர். மூச்சைக் காத்தலும் குருதிப்பெருக்கை நிறுத்தலுமே முற்படச் செய்யத்தக்கன. உயிர் நின்றாலன்றோ கால் நிற்கும்! நெடுநேர அறுவையை உடல் தாங்காதெனில், எலும்பில் ஊசிகள் செலுத்தி, வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி, முழங்காலை அசையாது நிறுத்துவர். உடல் தேறிய பின்னரே எலும்பிற்குத் தகடு பொருத்துவர். மூட்டைப் பிணைக்கும் நார்களைப் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே சீரமைப்பர். இத்தாமதம் புறக்கணிப்பன்று, முறையான திட்டமே.

ஆயினும் தாமதிக்கலாகாதது ஒன்றுண்டு. முழங்காலின் பின்புறம் காலுக்குக் குருதி கொணரும் தமனி செல்கிறது. மூட்டு நழுவும்போது அது கிழியக்கூடும். நழுவிய மூட்டு தானே பழைய நிலைக்குத் திரும்பி, வெறும் வீக்கமாகத் தோன்றுவதும் உண்டு. பாதம் சில்லிட்டாலோ, வெளிறினாலோ, உணர்வு குன்றினாலோ, நாடி கிட்டாவிடினோ ஐயுறல் வேண்டும். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் குருதியோட்டம் மீளாவிடில், காலை இழக்கும் ஆபத்து விரைந்து பெருகும். எண்ணெயிட்டு உருவுவதும், இழுத்து நிமிர்த்துவதும், பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் அவ்வரிய நேரத்தை விழுங்கிவிடும்.

ஆகவே, காலைக் கிடந்த நிலையிலேயே அசையாது தாங்கி, 108 எண்ணை அழையுங்கள். நம் அமராவதிபுதூரார்க்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. நல்லெண்ணத்தோடு உதவுவோரை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு காக்கிறது. வழக்கு வருமென அஞ்சி விலகற்க.

இளைஞர்களே! ஒதுங்கி நிற்குமாறு பழக்கப்பட்ட நாம் மருத்துவமனையிலும் ஒதுங்கி நிற்கலாகாது. “பாதத்தில் நாடி பார்த்தீர்களா, ஐயா?” எனப் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். கையொப்பமிடச் சொல்லும் தாளைப் படித்துப் பொருளறிந்து ஒப்பமிடுங்கள். கற்றவன் ஒருவன் உடனிருந்தால், உழைப்பாளி ஒருவனின் கால் பிழைக்கும். நாம் பெற்ற கல்வி அதற்கும் பயன்படுவதாகுக!