மயக்கம் தரும் பொருள்கள்



தமிழில் மயக்கம் என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. நினைவிழந்து விழுவதும் மயக்கம். ஒன்றை மற்றொன்றாகக் கருதுவதும் மயக்கம். இலக்கணத்தாரோ ஒன்றோடொன்று கலத்தலை மயக்கம் என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான், இல்லாததைக் காணவும் கேட்கவும் செய்யும் போதைப்பொருள்களுக்கு ஒரு பெயர் தேட நேர்ந்தபோது, இப்பழஞ்சொல்லினும் பொருத்தமானதைக் காணவில்லை.

அவற்றுள் மிக வலியது எல்.எஸ்.டி. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில், ஆல்பர்ட் ஹாஃப்மன் என்னும் வேதியியல் அறிஞர் 1938-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். 1943 ஏப்ரல் 19 அன்று ஒரு கிராமின் 4,000 பங்கில் ஒரு பங்கைத் தாமே உட்கொண்டு, மிதிவண்டியில் வீடு சேர்ந்தார். வீட்டிலிருந்த நாற்காலியும் மேசையும் அச்சந்தரும் உருவங்களாயின. பால் கொண்டுவந்த அண்டை வீட்டு அம்மையார் சூனியக்காரியாகத் தோன்றினார். தமக்குச் சித்தப்பிரமை பிடித்துவிட்டதென்றே அவர் அஞ்சினார். வந்து பார்த்த மருத்துவரோ, கண்மணிகள் விரிந்திருப்பது தவிர வேறு கோளாறு எதையும் காணவில்லை. உடல் ஏறக்குறைய நலமாக இருக்க, உள்ளம் மட்டும் நரகத்தில் உழலக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அபினைப்போல் இது மனிதனை அடிமையாக்குவதில்லை என்பது உண்மையே. இவ்வகைப் பொருள்கள் மனச்சோர்வு நோய்க்குப் பயன்படுமா என்று மருத்துவர்கள் ஆராய்ந்தும் வருகின்றனர். ஆனால் அங்கே அளவு தெரியும், தூய்மை தெரியும், அருகில் காவலும் உண்டு. விடுதி மாணவன் கையில் மறைவாகத் திணிக்கப்படும், அஞ்சல்தலையினும் சிறிய தாளில் ஊறியிருப்பது எது என்பது விற்பவனுக்கே தெரியாது. எல்.எஸ்.டி. என்று நம்பி வேறு இரசாயனங்களை உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, உறங்கிக் கிடந்த நோயை அது எழுப்பிவிடலாம். சிலருக்கு, போதை தெளிந்து பல மாதங்கள் சென்ற பின்னரும் ஒளி வட்டங்களும் நிழல்களும் கண்முன் தோன்றித் துன்புறுத்துகின்றன.

வடநாட்டில் வாழும் நம்மிடையே பலருக்கு எல்.எஸ்.டி. செவிவழிச் செய்தியாகவே இருக்கலாம். பாங்கு அப்படியன்று, ஹோலிப் பண்டிகையன்று வெள்ளித் தம்ளரில் அண்டை வீட்டிலிருந்தே வந்துவிடும். பாதாம், சோம்பு, மிளகு, கசகசா அரைத்த தண்டாயிப் பாலில் கஞ்சாச் செடியின் இலை விழுதும் கலந்திருக்கும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று குறிப்பது அச்செடியின் பூவையும் காயையுமே. தனித்த இலையை அது விலக்கிவிட்டது. ஆதலால் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளிலேயே பாங்கு விற்கப்படுகிறது. சட்டம் விலக்கியதை உடலும் விலக்கிவிடும் என்று எண்ணுபவர்கள் பலர்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும் போதை, உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தலைகாட்டாது. இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. ஒன்றும் செய்யவில்லையே என்று விருந்தினர் இரண்டாம் தம்ளரை வாங்குகிறார். வயிற்றுக்குள் சென்ற சத்தைக் கல்லீரல் இன்னும் வீரியமுள்ள ஒன்றாக மாற்றுகிறது. பின்பு இரண்டும் சேர்ந்து எழும்புகின்றன. வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. ஒரு நிமிடம் ஒரு நாழிகையாக நீள்கிறது. உடனிருப்பவர்கள் தம்மைக் குறித்தே இரகசியம் பேசுவதாக ஐயம் பிறக்கிறது. இருதய நோயாளிக்கு இது ஆபத்து. இனிப்பென்று பாங்கு லட்டைத் தின்ற குழந்தை, நினைவிழந்து மூச்சும் தளர்ந்துவிடக் கூடும்.

பாங்கின் வீரியம் போதாதென்று ஊமத்தை விதையையும் சேர்த்து அரைப்பவர்கள் உண்டு. இரண்டும் சிவனுக்கு உகந்தவை என்று அவர்கள் சொல்வர். ஆலகாலத்தையே உண்டவர் அவர்; நமக்கு அந்தக் கண்டம் இல்லை. ஊமத்தை வேறு வகை நஞ்சு. காய்ச்சல் ஏறும், தோல் உலர்ந்து சிவக்கும், சிறுநீர் அடைபடும், கண்மணி விரியும். பாங்கு குடித்தவர் பெரும்பாலும் தம்மைப் போதை ஆட்டுகிறது என்றாவது அறிவார்; ஊமத்தை தின்றவர் அதுவும் அறியாமல், அறையில் இல்லாதவருடன் உரையாடிக்கொண்டிருப்பார். அளவு மிகுந்தால் உயிரே போகும்.

இந்நிலையில் ஒருவரைக் கண்டால், மாடிக்கும் வீதிக்கும் போகவிடாமல் அமைதியான அறையில் அமர்த்தி, ஒருவர் உடனிருக்க வேண்டும். ஊறுகாயும் புளியும் ஊட்டிக் காலத்தைப் போக்குவது இப்பக்கத்து வழக்கம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் புகட்டலாகாது. காய்ச்சலோ, வலிப்போ, நினைவிழப்போ காணின் 112-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பழக்கமாகிப்போனவர்களுக்கு ஆலோசனை கூற 14446 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண் இருக்கிறது.

மருத்துவமனையில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மானத்துக்கு அஞ்சி, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இரு நஞ்சுகளுக்கும் மருத்துவம் வெவ்வேறு. எது என்று தெரியாத மருத்துவர் இருட்டில் துழாவுகிறார். எதை உண்டார், எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் மறையாது சொல்லுங்கள். தம்ளரில் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்தி சரளமாக வாராதவர்களுக்கு, பாங், தத்தூரா என்ற இரு சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.