நாவல்களில் வளரும் பெண்பிள்ளைகள்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியர் பேசுவதென்றால் நீரிழிவு பற்றியோ, மாதவிடாய் நிற்கும் வயது பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றித் தேநீர் இடைவேளையில் பேசலாம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது நாவல்களில் வரும் இளம்பெண்கள் எப்படி வளர்கிறார்கள், எப்படி மாறுகிறார்கள் என்பதை. இதற்கும் வைத்தியத்துக்கும் தூரம் அதிகமில்லை. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் உயரத்தையும் நிறையையும் புள்ளியிட்டுக் கோடு வரைகிறோம். கோடு மேலே போனால் தாய்க்கும் நிம்மதி, எமக்கும் நிம்மதி. ஆனால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் வளர்கிறது என்று காட்டும் கோடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கோட்டை வரைந்து காட்டியவர்கள் நாவலாசிரியர்களே.

எம்மில் பலர் இந்த நாவல்களை முதலில் படித்தது எமது பாடசாலை நூலகத்தில்தான். 1990களில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு புத்தகத்தை நாலு பேர் முறை வைத்துப் படித்தோம். 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, பாடப்புத்தகத்தோடு ஒரு நாவலையும் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் எம் வகுப்பில் இருந்தார்கள். ஆகவே இந்தக் கதாநாயகிகள் எமக்குப் பரீட்சைக்குரிய பாத்திரங்கள் மட்டுமல்லர், கூடவே நடந்து வந்தவர்கள்.

முதலில் ஜேன் ஒஸ்டினின் இருவரை எடுத்துக்கொள்வோம். 1813இல் வெளிவந்த ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் எலிசபெத் பெனற்றுக்கு இருபது வயது. அடுத்து 1815இல் வந்த எம்மாவுக்கு இருபத்தொன்று ஆகப்போகிறது. இருவரும் கெட்டிக்காரிகள், தங்கள் கெட்டித்தனத்தை நம்புகிறவர்கள். எலிசபெத் டார்சியின் கடிதத்தை முதலில் கோபத்தோடு படிக்கிறாள், பிறகு திரும்பத் திரும்பப் படிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் டார்சியைப் பற்றிய அவளுடைய எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அதைவிட அதிகமாகத் தன்னைப் பற்றிய எண்ணம் மாறுகிறது. அவளது வளர்ச்சி ஒரு வாசிப்பின் நடுவே நிகழ்கிறது.

எம்மாவின் வளர்ச்சி வேறு விதம். பொக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில், வசதி குறைந்த, அதிகம் பேசுகிற மிஸ் பேற்ஸ் என்னும் அம்மாவை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்கிறாள். நைற்லி அதைக் கண்டிக்கிறார். எம்மா வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகிறாள். எமக்குப் பிடித்தது அந்த அழுகை அல்ல. அடுத்த நாட் காலையில் அவள் மிஸ் பேற்ஸின் வீட்டுக்குப் போகிறாள். பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை, போகிறாள், அவ்வளவுதான். வெட்கப்படுவது எல்லோருக்கும் வரும். அடுத்த நாள் எழுந்து போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் வளர்ச்சி.

இனி ஜேன் எயர். சார்லட் புரொன்டே 1847இல் வெளியிட்ட இந்நாவலில் ஜேனைப் பத்து வயதில் சந்திக்கிறோம். அநாதை. மாமியின் வீட்டில் அடிபட்டு, சிவப்பு அறையில் பூட்டப்பட்டு, பயத்தில் மயங்கி விழுகிறாள். அவளைப் பார்க்க வருகிறவர் லொயிட் என்னும் அப்பொத்திக்கரி. அந்த வீட்டு எசமானிக்கும் அவளது பிள்ளைகளுக்கும் சுகமில்லையென்றால் பெரிய வைத்தியர் வருவார், வேலைக்காரருக்கு அப்பொத்திக்கரி. ஜேனுக்கும் அவர்தான் வருகிறார். இதிலேயே அந்த வீட்டில் பிள்ளையின் இடம் எமக்கு விளங்குகிறது.

வைத்தியத்துறையில் இருக்கும் நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி இது. பிள்ளை விழுந்துவிட்டாள் என்று தாதி சொல்கிறாள். லொயிட் அதோடு விட்டுவிடவில்லை. தாதி சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பிள்ளையிடமே கேட்கிறார்: என்ன நடந்தது, ஏன் அழுதாய், பாடசாலைக்குப் போக விருப்பமா? அந்தக் கேள்வியால் ஜேனின் வாழ்க்கை திசைமாறுகிறது. பின்னர் லோவூட் பாடசாலையில் எல்லார் முன்னிலையிலும் பொய்க்காரி என்று அவள்மேல் பழி சுமத்தப்பட்டபோது, மிஸ் ரெம்பிள் என்னும் ஆசிரியை அவளது பக்கத்தைக் கேட்கிறார். ஜேன் தன் கதையைச் சொல்கிறாள். மாமியிடம் கத்திய அதே பிள்ளைதான், ஆனால் இம்முறை அளந்து, ஒழுங்காக, மிகைப்படுத்தாமல் சொல்கிறாள். அப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பதையும் அப்போதே உணர்கிறாள். ஆசிரியை லொயிட்டுக்குக் கடிதம் எழுதி உறுதிப்படுத்திக்கொண்டு, முழுப் பாடசாலையின் முன்னிலையிலும் பழியை நீக்குகிறார். ஜேனின் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அதை எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டாள்.

இங்கே ஒரு சரித்திரக் குறிப்பையும் சொல்லத்தான் வேண்டும். லோவூட்டுக்கு மூலமாக இருந்தது கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் 1824இல் தொடங்கிய, மதகுருமாரின் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை. சார்லட் அங்கே படித்தவர். அவரது மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் அங்கிருந்து நோயாளிகளாக வீடு திரும்பி, 1825இல் காசநோயால் இறந்தார்கள். நாவலில் காசநோயால் இறக்கும் ஹெலன் பேர்ண்ஸ் அந்த மரியாவின் சாயல். லோவூட்டில் தைபஸ் காய்ச்சல் பரவும்போது எண்பது பிள்ளைகளில் நாற்பத்தைந்து பேர் ஒரே சமயத்தில் படுக்கையில் கிடக்கிறார்கள். அரைவயிற்றுச் சாப்பாடும் கவனிக்காமல் விட்ட தடிமலுமே நோய்க்கு வழிவிட்டதாகச் சார்லட் எழுதுகிறார். அதே 1824இல்தான் அமெரிக்க மிசனரிமார் எமது உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் யாழ்ப்பாணத்திலும் பெண்பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிப் படிப்பிப்பது ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த பரிசோதனை என்று எண்ணிப் பார்க்கையில், ஜேன் அவ்வளவு தூரத்துப் பெண்ணாகத் தெரியவில்லை.

வளர்ந்த ஜேன் இரண்டு தடவை ‘மாட்டேன்’ என்கிறாள். மனைவி உயிரோடிருப்பதை மறைத்த றொச்செஸ்ரரிடம், அவரை நேசித்தபடியே, மாட்டேன் என்று விட்டுப் போகிறாள். பின்னர் இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போகும் சென் ஜோன் மனைவியாக வா என்கிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள். முதலாவது ஆசைக்குச் சொன்ன மறுப்பு, இரண்டாவது கடமையின் பெயரால் வந்த அதிகாரத்துக்குச் சொன்ன மறுப்பு. எம்மைப் போன்ற பெண்களுக்கு இரண்டாவதுதான் கடினம் என்று நினைக்கிறோம். நல்ல மனிதர் ஒருவர் நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிக் கேட்கும்போது மறுப்பதற்கு எம்மை யாரும் பழக்கவில்லை.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போவோம். லூயிசா மே அல்கொற்றின் ‘லிற்றில் விமன்’ 1868இலும் 1869இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. கதை தொடங்கும்போது ஜோவுக்குப் பதினைந்து வயது. தான் எழுதிய கையெழுத்துப் பிரதியைத் தங்கை ஏமி எரித்துவிட்ட கோபத்தில், பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும் இடத்தைப் பற்றி ஏமியை எச்சரிக்காமல் விடுகிறாள். ஏமி தண்ணீருக்குள் விழுந்து, மயிரிழையில் காப்பாற்றப்படுகிறாள். அன்றிரவு தாய் ஜோவைத் திட்டவில்லை. தானும் வாழ்நாளில் அநேகமாக ஒவ்வொரு நாளும் கோபப்படுகிறவள், அதைக் காட்டாமலிருக்கப் பல வருடங்களாகப் பழகுகிறேன் என்று மகளிடம் சொல்கிறாள். பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. தாய் தேவதை அல்ல, தன்னைப் போன்ற ஒரு பெண் என்று ஜோ அறிகிறாள்.

ஜோ யாரைக் கலியாணம் செய்வாள் என்று கேட்டு வாசகிகள் அல்கொற்றுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். யாரையும் திருப்திப்படுத்துவதற்காக ஜோவை லோரிக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தார். ஆனாலும் கலியாணமே இல்லாமல் விட அவரால் முடியவில்லை. பேராசிரியர் பெயர் வந்து சேர்ந்தார். அல்கொற் கடைசிவரை கலியாணம் செய்யவில்லை. எழுத்தாளரால் வாழ முடிந்த வாழ்க்கையை அவருடைய கதாநாயகியால் வாழ முடியவில்லை. ‘கம்பஸ் முடிஞ்சுது, எப்ப கலியாணம்?’ என்று கேட்கும் எமது ஊர் வாசகியரும் அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்குச் சொந்தக்காரர்தான்.

எல். எம். மொன்ற்கொமெரியின் ‘ஆன் ஒப் கிறீன் கேபிள்ஸ்’ 1908இல் வந்தது. பண்ணை வேலைக்கு ஆண்பிள்ளை கேட்டவர்களிடம் தவறுதலாக வந்து சேரும் பதினொரு வயதுச் சிறுமி ஆன். ஓயாமல் பேசுவாள். பதினாறு வயதாகும்போது, மத்தியூ இறந்து, மரில்லாவின் கண்பார்வையும் ஆபத்தில் இருக்க, தனக்குக் கிடைத்த புலமைப்பரிசிலை விட்டுக்கொடுத்து வீட்டோடு தங்குகிறாள். முன்னைப்போல ஆன் இப்போது பேசுவதில்லை என்று ஒரு கட்டத்தில் மரில்லாவே கவனிக்கிறாள்.

இதில்தான் எமக்கு ஒரு கேள்வி. பெண்பிள்ளை வளர்வதென்றால் அமைதியாவதா? எமது சமூகத்தில் ‘பெரிய பிள்ளையாகிவிட்டாள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் குரலைத் தாழ்த்து, காலை மடக்கு என்ற கட்டளைகள் வரிசையாக வருகின்றன. ஆன் விட்டுக்கொடுத்ததை நாம் குறைசொல்ல மாட்டோம். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் தாய் தகப்பனுக்காக, தம்பி தங்கைகளுக்காக நின்றுவிட்டவர்கள் எம்மிலும் உண்டு. இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்களது வாழ்க்கை குறைந்த வாழ்க்கை அல்ல. ஆனால் ஆன் தானே தீர்மானித்தாள். வேண்டாமென்று மரில்லா தடுத்தும் தீர்மானித்தாள். வீட்டிலிருந்தபடியே படிப்பைத் தொடரவும் திட்டம் வைத்திருந்தாள். கேட்காமலே எடுக்கப்பட்ட விட்டுக்கொடுப்பை அதற்குச் சமமாக வைக்கக்கூடாது.

கடைசியாக எமது மொழிக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை 1914இல் வெளியிட்டார். பெண் எழுதி இங்கே வெளிவந்த ஆரம்பகால நாவல்களில் ஒன்றின் தலைப்பே எவ்வளவோ சொல்கிறது. ஆயினும் வளர்ச்சி என்ற விடயத்தில் நாம் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் ஜெயகாந்தனின் கங்கா.

1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை பலருக்குத் தெரியும். மழையில் நின்ற கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் பதறினாலும், மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றி அணைத்துக்கொள்கிறாள். கதைக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் ஜெயகாந்தன் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அந்த நாவலில் கங்காவின் தாய் ஊர்கேட்க அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவரின் தயவில் அவள் படிக்கிறாள். அந்தத் தயவும் களங்கமற்றதல்ல. உத்தியோகத்தில் உயர்கிறாள், சம்பாதிக்கிறாள், அந்தச் சிறுகதையைத் தானே வாசிக்கிறாள். வெளிப்பார்வைக்குக் கோடு மேலேதான் போகிறது. உள்ளே அந்த மழைநாளிலேயே நின்றுவிட்டாள். முடிவில் குடியில் போய் விழுகிறாள்.

ஒரே பெண், ஒரே மழை, ஒரே கார். வேறுபட்டது தாய் முதலில் சொன்ன சொல் மட்டும். நாம் பேசிய மற்றவர்களையும் இதனோடு வைத்துப் பாருங்கள். ஜேனுக்கு ஒரு லொயிட்டும் ஒரு மிஸ் ரெம்பிளும் இருந்தார்கள். ஜோவுக்குத் தன் கோபத்தை மறைக்காத தாய் இருந்தாள். ஆனுக்கு மத்தியூவும் மரில்லாவும் இருந்தார்கள். கதாநாயகியின் வளர்ச்சியை நாம் அவளது குணத்தின் வெற்றியாகவே படித்துப் பழகிவிட்டோம். அவள் பக்கத்தில் நின்று, சொல்வதை நம்பிய ஒரு பெரியவரைக் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

வைத்தியசாலையில் இதை நாம் அடிக்கடி காண்கிறோம். வயிற்றுவலி என்று பதினாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் இராது. கேட்கும் கேள்விக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொல்வார். ‘அம்மா, கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ’ என்று சொல்லிவிட்டு, பிள்ளையிடம் கேட்டுக் காத்திருந்தால், சில வேளைகளில் வயிற்றுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கதை வரும். அந்தக் கதைக்கு முதலில் கிடைக்கும் மறுமொழி ‘நீ ஏன் அங்க போனனி?’ என்றிருந்தால், அவள் இன்னொரு தடவை வாய் திறக்கமாட்டாள்.

அன்பான பழைய மாணவிகளே, எமக்கு இனிக் கதாநாயகிகளின் வயது இல்லை. அம்மா, மாமி, பெரியம்மா, ஆசிரியை, தாதி, அதிபர் என்ற பாத்திரங்கள்தான் எமக்கு மிஞ்சியிருக்கின்றன. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ வன்னியிலோ, எங்கிருந்தாலும் ஒரு பெண்பிள்ளை ஒருநாள் எம்மிடம் வந்து எதையோ சொல்லத் தொடங்குவாள். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அவளை முடிக்க விடுங்கள். சொன்னதை நம்புங்கள். பிறகு என்ன செய்யலாம் என்று அவளிடமே கேளுங்கள். அத்தோடு, சங்கம் பாடசாலைக்கு என்ன அன்பளிப்புச் செய்யலாம் என்று யோசிக்கும்போது நூலகத்துக்கு நாவல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு நடப்பதைச் சொல்வதற்குச் சொற்கள் இல்லாத பிள்ளைக்கு, அந்தச் சொற்களை முதலில் தருவது பல சமயம் ஒரு கதைப் புத்தகம்தான்.